கையைத் தூக்கினால்தான் ஏறிய மருந்து: காறை எலும்புக்கடியில் அறுந்த கீமோ போர்ட் குழாய் – நிகழ்வு ஆய்வு

கீமோ போர்ட் (புற்றுநோய் மருந்து ஏற்ற மார்புத் தோலுக்கடியில் பதிக்கும் கருவி) வைத்திருக்கும் நோயாளி வந்தால் காய்ச்சல் உண்டா, குளிர் நடுக்கம் உண்டா, கை வீங்கியதா என்று தவறாமல் கேட்கிறோம். தொற்றும் ரத்த உறைவும்தான் இந்தக் கருவி அடிக்கடி தரும் தொல்லைகள் என்பதால் அது சரிதான். ஆனால் கையை எப்படி வைத்தால் மருந்து ஏறுகிறது என்று கேட்பவர் அரிது. இந்த நோயாளியின் விஷயத்தில் நோயறிதல் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருந்தது. கேட்காமலே அவர் பல முறை சொல்லியும் இருந்தார். வயது, ஊர் முதலிய அடையாளங்களைத் தெரியாதபடி எழுதுகிறேன். முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனையின் பெயரும் இங்கே தேவையில்லை.

நோயாளியும் போர்ட்டும்

ஐம்பதைத் தாண்டிய பெண். காவிரி டெல்டாவில் விவசாயக் கூலி வேலை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எதுவும் கிடையாது. பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்று வந்து, அந்தப் பகுதியை அறுவையில் நீக்கியிருந்தார்கள். நிணக்கணுக்களுக்கும் பரவியிருந்ததால் மூன்றாம் நிலை. அறுவைக்குப் பிறகு ஃபால்ஃபாக்ஸ் முறையில் 12 சுற்று கீமோ என்று முடிவானது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. ஆக்சாலிபிளாட்டினும் லூக்கோவோரினும் முதல் நாள் வார்டிலேயே ஏறிவிடும். 5-எஃப்யூ மருந்துதான் 46 மணி நேரம் இடைவிடாமல் ஏற வேண்டும். அதற்கு ஒரு பலூன் பம்ப். மருந்து நிரம்பிய பலூன் தானே சுருங்கிச் சுருங்கி மருந்தைத் தள்ளும். மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம். நோயாளி அதை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்து கழற்றிக்கொள்ளலாம்.

46 மணி நேரம் கை நரம்பில் இதை விட முடியாது. அதற்காகத்தான் போர்ட். மார்பில் தோலுக்கடியில் ஒரு சிறு கிண்ணம், அதன் வாயில் தடித்த சிலிக்கோன் மூடி, கிண்ணத்திலிருந்து புறப்பட்டுப் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வாசல் வரை போகும் மெல்லிய குழாய். மூடியைத் துளைக்க ஹூபர் ஊசி. சாதாரண ஊசி சிலிக்கோனைத் துணுக்குத் துணுக்காகச் சீவி எடுத்துவிடும். ஹூபரின் வளைந்த முனை சீவாது. புற்றுநோய் சிகிச்சையில் 1973ல் ப்ரோவியாக், 1979ல் ஹிக்மன் என்று உடலுக்கு வெளியே தொங்கும் குழாய்கள்தான் முதலில் வந்தன. 1982ல் நீடர்ஹூபரும் உடன் பணியாற்றியவர்களும் முழுக்கத் தோலுக்கடியில் புதையும் போர்ட்டைப் பற்றி எழுதினார்கள். குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், வெளியே எதுவும் தெரியாது. நம் ஊரில் இந்தக் கடைசிக் காரணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

இவருக்கு வலது காறை எலும்புக்கடியில் (கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் எலும்பு) போர்ட் வைத்தார்கள். அல்ட்ராசவுண்ட் இல்லாமல், எலும்பைத் தொட்டுப் பார்த்து இடம் கணித்து, காறையடிச் சிரையில் குத்திய பழைய முறை. குழாய் சிலிக்கோன். முடித்ததும் படுத்த நிலையில் ஒரு மார்பு எக்ஸ்ரே. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியவில்லை, குழாய் முனை மேற்பெருஞ்சிரையில் இருக்கிறது, பயன்படுத்தலாம் என்று அறிக்கை.

கீமோ நாட்களின் குறிப்புகள்

முதல் இரண்டு சுற்றுகளில் தொல்லை இல்லை. மூன்றாம் சுற்றிலிருந்து வார்டு சிஸ்டர்களின் குறிப்பில் ஒரே விஷயம் வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது: ரத்தம் திரும்பி வரவில்லை, உட்கார்ந்தால் சலைன் இறங்கவில்லை, படுத்துக் கையை மேலே தூக்கினால் இறங்குகிறது. அதே நாட்களின் மருத்துவர் குறிப்பில் போர்ட் நன்றாக வேலை செய்வதாக இருக்கிறது. இரண்டுமே பொய்யில்லை. மருத்துவர் வரும்போது நோயாளி கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருப்பார், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்.

அவருடைய சொந்தக் கவனிப்பு இன்னும் கூர்மையானது. பின்னால் என்னிடம் சொன்னது: "மூணாம் நாளு கழட்டப் போனா பலூன்ல பாதிகூட வத்தலீங்க டாக்டரம்மா. பையத் தொங்கவிட்டுக்கிட்டு நடந்தா ஒண்ணும் ஏறாது. ராத்திரி மல்லாந்து படுத்துக் கையத் தலைக்கு மேல போட்டுக்கிட்டா விடியறதுக்குள்ள சுருங்கிப்போயிரும். சிஸ்டருகிட்ட சொன்னேன். அப்ப அப்படியே படுத்துக்குங்கம்மான்னாங்க."

பகலில் நின்று, இரவில் ஓடிய மருந்து. 46 மணி நேரத்துக்குச் சீராக வகுத்த அளவு சீராக ஏறவில்லை. இதைப் போர்ட்டின் தொல்லையாக மட்டும் பார்க்கக் கூடாது, மருந்தளவின் தொல்லையும் இது. ஐந்தாம், ஆறாம் சுற்றுகளுக்குப் பிறகு அவருக்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் அதிகமாக இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; 5-எஃப்யூ தன்னளவிலேயே அப்படிச் செய்யும்.

குழாய் அடைத்துக்கொண்டதாகக் கருதி இரண்டு முறை யூரோகைனேஸ் விட்டார்கள். உறைகட்டியைக் கரைக்கும் மருந்து அது. ஆல்டிபிளேஸ் என்றாலும் இதே வேலைதான். குழாயில் நிரப்பி, ஊறவிட்டு, பிறகு உறிஞ்சிப் பார்ப்பார்கள். இரண்டு முறையும் பலன் கிடைத்தது என்று எழுதியிருக்கிறது. அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றேன். மருந்து ஊறும் நேரம் முழுவதும் நோயாளி படுக்கையில் கிடந்திருக்கிறார், கையும் தலைக்கு மேல். அந்த நிலையில் வெறும் சலைனே ஓடியிருக்கும். பெருமை யூரோகைனேஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

பதினோராம் சுற்றில் காறை எலும்புக்குக் கீழே எரிச்சல், லேசான தடிப்பு. மறுநாள் அமுங்கிவிட்டது. பன்னிரண்டாம் சுற்றும் எப்படியோ முடிந்தது.

அறுந்த பிறகு

கீமோ முடிந்தும் போர்ட்டை எடுக்கவில்லை. நோய் திரும்பினால் உதவும் என்று ஒரு யோசனை. இன்னொரு கத்தி வேண்டாமே என்று குடும்பத்தாருக்கு ஒரு தயக்கம். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமில் சலைனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் விட்டுக் கழுவிவந்தார்கள். உடம்பு தேறியதும் அவர் நடவுக்குப் போகத் தொடங்கினார். வலது கைக்காரர்.

போர்ட் வைத்து ஒன்பது மாதம் இருக்கும். கழுவப் போன இடத்தில் சிஸ்டர் சலைனைத் தள்ளியதும் காறை எலும்புக்கடியில் சுரீரென்று வலி. தோல் புடைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிஸ்டர் அத்தோடு நிறுத்தினார். இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கவில்லை, சின்ன சிரிஞ்சை எடுத்து அழுத்திப் பார்க்கவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு உடனே போங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்த நிகழ்வில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் அவரைத்தான் பாராட்டுவேன்.

எக்ஸ்ரே கையிலேயே வந்தது. மார்பின் வலப்பக்கத்தில் போர்ட் கிண்ணம் அதன் இடத்தில். கிண்ணத்திலிருந்து கிளம்பிய குழாய் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் குறுக்கிடும் இடம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறுமை. மீதிக் குழாய் இதய நிழலுக்குள் வளைந்து கிடந்தது. ஒரு முனை வலது கீழறையில், மறுமுனை நுரையீரல் தமனியின் இடது கிளை வாயில்.

தூண்டிக் கேட்டதும் இரண்டு வாரமாக இருந்த படபடப்பையும் வறட்டு இருமலையும் சொன்னார். கீமோவின் அசதி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தன. இசிஜியில் கீழறையிலிருந்து இடையிடையே அதிகப்படித் துடிப்புகள். எக்கோவில் வலது கீழறைக்குள் இரண்டு இணைகோடுகள் பளிச்சென்று தெரிந்தன. குழாயின் இரு சுவர்கள் அவை. அதில் உறைகட்டி ஒட்டியிருக்கவில்லை, இதய உறையில் நீரும் இல்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் எடுத்து அனுப்பிவிட்டு, ரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் அன்றைக்கே ஏற்றினோம்.

வெளியே எடுத்தது

அறுந்த துண்டு உள்ளே கிடந்தும் தொந்தரவே இல்லாமல் இருக்கிற நோயாளிகள் உண்டு. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியவரும். அதற்காக விட்டுவைப்பது சரியில்லை. துடிப்புக் கோளாறு, உறைகட்டி, தொற்று, அறைச் சுவரில் ஓட்டை ஆகியவை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நெஞ்சைப் பிளக்காமல் ரத்தக் குழாய் வழியாகவே அறுந்த துண்டை எடுக்க முடியும் என்பது 1964ல் வெளியான அறிக்கையிலிருந்தே தெரியும். இன்று முதல் வழி அதுதான்.

தொடை மடிப்பில் மரப்பு ஊசி போட்டு, வலது தொடைச் சிரையில் 12 ஃபிரெஞ்சு அளவில் (சுமார் 4 மில்லிமீட்டர்), கருவிகள் நுழையும் வாசலாக ஓர் உறைக்குழாய் வைத்தோம். இவ்வளவு பெரியது எதற்கென்றால், துண்டின் முனை கிடைக்காமல் நடுவில் பிடிக்க நேர்ந்தால் அது இரண்டாக மடிந்துதான் வெளியே வரும். சின்ன உறைக்குழாயோடு தொடங்கிவிட்டு, பிடித்த துண்டைத் தொடைச் சிரையின் வாசலில் வைத்துக்கொண்டு திண்டாடக் கூடாது.

ஸ்னேர் என்பது கம்பி நுனியில் ஒரு சுருக்கு. முனையைச் சுருக்குக்குள் வாங்கி இறுக்கினால் வேலை முடிந்தது. இங்கே முனை கிடைக்கவில்லை. கீழறை முனை தசை மடிப்புகளுக்குள் புதைந்திருந்தது. தமனி முனை சுவரோடு ஒட்டியிருந்தது. 20 மில்லிமீட்டர் ஸ்னேர் சுற்றிச் சுற்றி வந்தும் அகப்படவில்லை. கம்பி கீழறைக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் மானிட்டரில் அதிகப்படித் துடிப்புகள் சரமாக ஓடின. கொஞ்சம் பின்னிழுத்தால் நின்றன.

ஸ்னேரை வெளியே எடுத்துவிட்டு, நுனி சுருண்ட பிக்டெய்ல் குழாயை உள்ளே விட்டோம். அதைத் துண்டின் நடுப்பகுதியில் கொக்கி மாதிரி மாட்டி, அரைச் சுற்றுத் திருகி, மெதுவாகக் கீழே இழுத்தோம். பிடி நழுவியது. மறுபடியும் மாட்டி இழுத்ததும் துண்டு மொத்தமாக வலது மேலறைக்கு இறங்கி, அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்கு வந்தது. அகலமான, நேரான அந்தச் சிரையில் ஒரு முனை விடுபட்டு மிதந்தது. பிறகு ஸ்னேருக்கு வேலை சுலபம். முனையைப் பிடித்து உறைக்குழாய்க்குள் இழுத்துக்கொண்டோம். இழுக்கும்போது வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வு கிழிந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் பயம். முடிந்ததும் எக்கோ பார்த்தோம். வால்வில் புதிய கசிவில்லை, இதய உறையில் நீர் சேரவில்லை.

அதே மேசையில் பழைய தழும்பைத் திறந்து போர்ட் கிண்ணத்தையும் ஒட்டியிருந்த குழாயையும் எடுத்தோம். குழி சுத்தமாக இருந்தது, சீழ் இல்லை. அனுப்பிய கல்ச்சர்களில் எதுவும் வளரவில்லை.

எதையாவது உள்ளே விட்டுவிட்டோமா என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. போர்ட் வைத்தபோது குழாயை எத்தனை சென்டிமீட்டரில் வெட்டினார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதவில்லை. நல்ல வேளையாகக் குழாயிலேயே சென்டிமீட்டர் கோடுகள் அச்சாகியிருந்தன. இதயத்திலிருந்து வந்த துண்டு 11 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டியதும் முடிந்தது. போர்ட்டோடு வந்த துண்டு 12க்குச் சற்று முன்னால் தொடங்கியது. இரண்டையும் பச்சைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளியில்லாமல் பொருந்தின.

அறுந்த விளிம்புதான் பார்க்க வேண்டியது. இதயத்திலிருந்து எடுத்த துண்டின் ஒரு முனை தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே வட்டமாக, வழவழப்பாக இருந்தது. அறுந்த முனை நசுங்கி நீள்வட்டமாகி, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. அதையொட்டிச் சுவரில் நெடுக்காக ஒரு கீறல். பதினோராம் சுற்றின் எரிச்சலுக்கு அந்தக் கீறல் விளக்கம் தருகிறது: குழாய் முழுதாக அறுவதற்கு முன்பே விரிசல் வழியாக 5-எஃப்யூ கசிந்திருக்க வேண்டும். 5-எஃப்யூ திசுவை எரிச்சலூட்டும், அவ்வளவுதான். வார்டில் செவப்பு மருந்து என்று சொல்லும் டாக்ஸோருபிசின் அந்த இடத்தில் கசிந்திருந்தால் தோலும் தசையும் வெந்து புண்ணாகியிருக்கும்.

ஏன் அங்கே அறுந்தது

காறை எலும்பும் முதல் விலா எலும்பும் மார்பெலும்பின் பக்கத்தில் நெருங்கி, தோள் பக்கம் போகப் போக விலகுகின்றன. பாக்குவெட்டியின் இரு கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீல் மார்பெலும்பின் பக்கம். கீலுக்குக் கிட்டே வைத்த பாக்குதான் நறுக்கென்று வெட்டுப்படும். அந்தக் கீல் ஓரத்தில் இரு எலும்புகளையும் கட்டும் தசைநாரும் காறையடித் தசையும் இருக்கின்றன. சிரைக்குள் ஊசி வெளிப்பக்கமாக நுழைந்தால், குழாய் இந்த இடுக்கைக் கடக்கும்போது ஏற்கெனவே சிரைக்குள் இருக்கும். சுற்றியுள்ள ரத்தம் அதைக் காப்பாற்றும். ஊசி உட்பக்கமாக நுழைந்தாலோ, குழாய் முதலில் தசைநாரையும் தசையையும் துளைத்துக்கொண்டு போய்ப் பிறகுதான் சிரையில் சேரும். தோள் அசையும்போதெல்லாம் இரண்டு எலும்பும் அதைக் கவ்வும். நிற்கும்போதும் கையைத் தொங்கவிடும்போதும் இடுக்கு குறுகும். படுத்துக் கையைத் தூக்கினால் திறக்கும். நோயாளி பலூனைப் பார்த்துக் கண்டுபிடித்தது இதைத்தான். குனிந்து நிமிர்ந்து கை ஓயாத நடவு வேலை இதற்கு உதவியிருக்காது. ஆனால் வேலைக்குப் போகுமுன்பே விரிசல் விழுந்துவிட்டது என்பதைப் பதினோராம் சுற்று சொல்கிறது.

ஐட்கனும் மின்டனும் 1984ல் எக்ஸ்ரேயில் தெரியும் இந்த நெருக்கலை விவரித்தார்கள். பிஞ்ச்-ஆஃப் அடையாளம் என்ற பெயர் அப்போது வந்தது. 1990ல் ஹின்கேயும் குழுவும் அதைத் தரம் பிரித்தார்கள். குழாய் நெளியாமல் சீராகப் போனால் 0. வளைந்திருந்தும் உட்துளை குறுகாவிட்டால் 1. உட்துளை குறுகினால் 2. அறுந்துவிட்டால் 3. நடைமுறையில் 1 என்றால் சில வாரங்களுக்கொருமுறை படமெடுத்துக் கவனிக்கலாம். 2 என்றால் நோயாளிக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். காறையடி வழியில் வைத்த குழாய்களில் நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவான பேருக்கே இது வருகிறது என்பதால், ஒரு வார்டு பல வருடம் பார்க்காமலே போகலாம். அதுதான் வினை.

பழைய படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தோம். போர்ட் வைத்த அன்றைய படத்தில் லேசான வளைவு மட்டும். ஐந்தாம் சுற்றின்போது எடுத்ததில், எலும்பு குறுக்கிடும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குழாயின் இரு ஓரங்களும் உள்ளே ஒடுங்கியிருப்பது தெரிகிறது, தரம் 2. அறிக்கையில் குழாய் முனை சரியான இடத்தில் என்று மட்டும் இருந்தது. போர்ட் எக்ஸ்ரே பார்க்கும் கண் நேரே முனைக்குப் போகும், பிறகு நுரையீரல் உச்சிக்கு. நடுவழியில் எலும்புக்கடியில் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை.

படம் எடுக்கும் முறையும் இதை மறைக்கும். மார்பு எக்ஸ்ரே என்றால் இடுப்பில் கை வைத்துத் தோளை முன்னே தள்ளச் சொல்வார்கள்; தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமலிருக்க அது தேவை. அதே அசைவு காறை எலும்பின் நிலையை மாற்றி நெருக்கலைத் தளர்த்திவிடும். படுக்கவைத்து எடுத்தாலும் அப்படியே. இந்தச் சந்தேகத்துக்கு எடுக்கிற படம் நின்ற நிலையில், கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு எடுத்ததாக இருக்க வேண்டும். அப்படி ஒரு படம் இவருக்கு எடுக்கவே இல்லை.

ரத்தம் வராத போர்ட்: வேறு என்னவெல்லாம்

ரத்தம் திரும்பாவிட்டால் முதல் சந்தேகம் ஃபைப்ரின் உறை. குழாய் முனையைச் சுற்றி உறைபோல வளரும் நார்ப்படலம் அது. உறிஞ்சினால் வால்வு மாதிரி மூடிக்கொள்ளும், தள்ளினால் வழிவிடும். ஆகவே மருந்து ஏறும், ரத்தம் மட்டும் வராது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குழாய்க்குள் உறைகட்டி இருந்தால் எந்த நிலையிலும் தள்ளக் கடினமாக இருக்கும். சிரையே அடைத்திருந்தால் கை, கழுத்து, முகம் வீங்கும். மார்புத் தோலில் நரம்புகள் புடைத்துத் தெரியும்.

நிலை மாறினால் ஓட்டம் மாறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முனை சிரைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தால், இருமினால், தலையைத் திருப்பினால், மூச்சை இழுத்தால் சரியாகும். அதுவும் பல சமயம் கையைத் தூக்கினால் சரியாகலாம். படுக்கையருகே நின்று இந்த இரண்டையும் பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எக்ஸ்ரே வேண்டும். அதிலும் தெளிவில்லையென்றால் போர்ட் வழியாகச் சாயம் விட்டு ஃப்ளூரோஸ்கோப்பியில் (ஓடும் எக்ஸ்ரே) பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் எலும்புக்கடியிலேயே சாயம் பரவும். இது தெரியும்வரை அந்தப் போர்ட்டில் கீமோ ஏற்றக் கூடாது. 10 மில்லியைவிடச் சின்ன சிரிஞ்சால் அழுத்தவும் கூடாது. சிரிஞ்ச் சிறுக்கச் சிறுக்க அழுத்தம் கூடும், விரிசலுள்ள குழாயை அது முடித்துவைக்கும்.

தொற்றைப் பற்றி இங்கே இரண்டு வாக்கியம் போதும். போர்ட்டைக் கழுவிய ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்தால் குழாய்க்குள் கிருமி இருப்பதாக எண்ணி, போர்ட்டிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ஒரே நேரத்தில் கல்ச்சர் எடுக்க வேண்டும். போர்ட் ரத்தத்தில் கிருமி 2 மணி நேரமோ அதற்கும் மேலோ முந்தி வளர்ந்தால் மூலம் குழாய்தான்.

முதலிலேயே வேறு வழி இருந்ததா என்று வாசிப்பவர் கேட்கலாம். இருந்தது. வலது கழுத்துச் சிரையில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் குழாய் அந்த எலும்பு இடுக்குப் பக்கமே போகாது. கழுத்துச் சிரைக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தும்படி மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002லேயே பரிந்துரைத்தது. காறையடி வழியை விரும்புகிறவர்களும் அல்ட்ராசவுண்டோடு தோள் பக்கமாக வெளியே தள்ளிக் குத்தலாம். எலும்பைத் தொட்டுப் பார்த்துக் குத்துவது கைவந்த கலையாக இருக்கும் அறுவை மருத்துவர்கள் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். அவர்கள் வைத்த போர்ட்டுகளில் பெரும்பாலானவை கடைசிவரை ஒழுங்காக உழைக்கின்றன என்பதும் உண்மை. எனக்கு அந்த வாதம் போதவில்லை. அல்ட்ராசவுண்ட் கருவி அதே தியேட்டரில் மயக்க மருத்துவரின் பக்கத்திலேயே நிற்கிறது.

இன்னொன்று. இதே நோய்க்குக் கேப்பாக்ஸ் என்ற முறையும் உண்டு. அதில் 5-எஃப்யூவுக்குப் பதில் கேப்சிடபின் மாத்திரை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் மட்டும் நரம்பில். பலருக்கு அதைப் போர்ட் இல்லாமலே முடித்துவிடலாம். உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரிந்து வெடிப்பது அதன் தொல்லை. சேற்றில் நின்று பிழைப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. எதைத் தேர்ந்தாலும், போர்ட்டையும் சிகிச்சையின் ஒரு பக்கவிளைவாகத் தராசில் வைத்துத்தான் தேர்ந்திருக்க வேண்டும்.

பிறகு

மறுநாள் இசிஜியில் அதிகப்படித் துடிப்பு இல்லை. இருமலும் சில நாளில் நின்றது. துண்டை மகளிடமும் அவரிடமும் காட்டினேன். மகளுக்குக் கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். அம்மா துண்டைக் கையில் வாங்கி, நசுங்கிய முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னது சரியாத்தானங்க இருந்துச்சு" என்றார். முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனைக்குப் படங்களோடு கடிதம் எழுதினேன். அங்கிருந்த ஆங்காலஜிஸ்ட் தொலைபேசியில் அழைத்து, காறையடிப் போர்ட் வைத்த தங்கள் நோயாளிகளை வரவழைத்து நின்ற நிலையில் படம் எடுப்பதாகச் சொன்னார். அதில் ஒருவருக்குத் தரம் 2 இருந்து, அறுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் துறையில் போர்ட் எக்ஸ்ரேக்கான படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: நின்ற நிலை, கைகள் பக்கத்தில், தோளைத் தள்ள வேண்டாம். அறிக்கை எழுதுகிறவர் முனையின் இடத்தோடு எலும்பு குறுக்கிடும் இடத்தின் தரத்தையும் எண்ணாக எழுத வேண்டும். கீமோ வார்டின் தாளில் ரத்தம் திரும்பியதா என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எந்த நிலையில் என்று இன்னொரு கட்டம் வந்திருக்கிறது. சிஸ்டர்கள் அதை நிரப்புகிறார்கள். மருத்துவர்கள் வாசிக்கிறார்களா என்பது வார்டுக்கு வார்டு வேறுபடுகிறது.

நோயாளி இப்போது தொடர் பரிசோதனையில் இருக்கிறார். பெருங்குடல் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஇஏ அளவு இயல்பாக இருக்கிறது. சிடி ஸ்கேனில் நோய் திரும்பவில்லை. ஸ்கேனுக்கான சாயம் இடது கை நரம்பிலேயே ஏறியது. மறுபடி போர்ட் தேவைப்பட்டால் வலது கழுத்துச் சிரையில், அல்ட்ராசவுண்ட் பார்த்து வைக்க வேண்டும் என்றும், வெட்டிய நீளத்தைக் கோப்பில் எழுத வேண்டும் என்றும் அவருடைய சம்மரியின் முதல் பக்கத்தில் பதிந்திருக்கிறோம்.